அறுபது மீற்றருக்கு மேலே ஒரு கதிரை

எங்கள் வீட்டு யன்னலுக்கு முன்னால் மனிதர்கள் தண்ணீரின் மேல் நடக்கிறார்கள். நோர்வேக்கு வந்த முதலாவது குளிர்காலத்தில் அதைக் கண்டபோது கையில் இருந்த தேநீரை மேசையில் வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினேன். புதன்கிழமை, காலை பத்து மணி. பதினொரு பெண்களும் இரண்டு நாய்களும் கரையிலிருந்து இறங்கி, உறைந்து கிடந்த ஏரியின் மேல், சந்தைக்குப் போகிறவர்களைப் போலக் கதைத்துக்கொண்டு போனார்கள். பிற்பகல் இரண்டரைக்கு அதே பதினொரு பெண்களும் இரண்டு நாய்களும் திரும்பி வரும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. மீதியில்லாமல் முடிந்த வகுத்தல் கணக்கைப் பார்த்தது போல் ஒரு நிம்மதி. நான்காவது புதன்கிழமை பன்னிரண்டு பெண்கள் போனார்கள். பன்னிரண்டாவது ஆள் என் மனைவி பிலோமினா.

எனக்கு எழுபத்து நான்கு வயது. முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன். பிறந்தது புளியந்தீவில். எந்தத் தெருவால் நடந்தாலும் கடைசியில் வாவிதான் வரும். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் வாவித் தண்ணீர் பட்டதில்லை என்பதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் இனி அதைச் சொல்வதில் வெட்கமில்லை. காரணம் கடைசியில் விளங்கும்.

பயம் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. 'கவனம்' என்று சொன்னார்கள். நானும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டேன். ஆனால் முதல் நியமனம் படுவான்கரையில் கிடைத்தது. எங்கள் பகுதியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கத்தை எழுவான்கரை என்போம், மேற்கே, வயல்பக்கத்தைப் படுவான்கரை என்போம். பள்ளிக்கூடத்துக்குப் போக ஒவ்வொரு நாளும் தோணியில் கடக்க வேண்டும். தோணிக்காரர் சாமித்தம்பி அண்ணர் பின்னால் நின்று கம்பை அடிச்சேற்றில் ஊன்றித் தள்ளுவார். கரைக்குக் கரை நூற்றெண்பது ஊன்றல். மாரியில் நூற்றுத் தொண்ணூற்றைந்து. நான் இரண்டு கையாலும் விளிம்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கம்பின் ஈரமான பகுதியில் வைத்தபடி எண்ணுவேன். கம்பு எவ்வளவு உயரத்துக்கு நனைந்திருக்கிறதோ அவ்வளவு ஆழம். என் கழுத்துயரத்துக்கு மேல் நனைந்து வந்தால் பலகையை இன்னும் இறுக்கிப் பிடிப்பேன்.

"வாத்தியார், நீங்க பலகையப் புடிக்காட்டியும் தோணி மிதக்கும்" என்பார் சாமித்தம்பி அண்ணர். முன்பலகையில் இருந்து ஒருத்தி சிரிப்பாள். அதுதான் பிலோமினா ரீச்சர். செட்டிபாளையத்துப் பிள்ளை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று வளர்ந்தவள். தோணி கரை தட்டுவதற்கு முன்பே சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்துவிடுவாள்.

ஒரு கார்த்திகைக் காலை. வாவி நிரம்பிக் கிடந்தது, வாடைக் காற்று. மீன் பிடிக்க நட்டிருந்த கட்டையொன்று தண்ணீருக்குள் மறைந்திருந்து தோணியின் அடிப்பலகையைப் பிளந்துவிட்டது. தண்ணீர் பொங்கி ஏறியது. நாங்கள் ஐந்து ஆசிரியர்கள். சாமித்தம்பி அண்ணர் பதறவில்லை.

"ஒருத்தரும் எழும்பப்படா. ஓடை வந்து விழுற வாய்க்குக் கொண்டு போறன். அங்க மணல் கட்டியிரிக்கி, கால் நிலைக்கும்" என்றார்.

சொன்னபடியே ஓடை வாய்க்குக் கொண்டுபோனார். அங்கே தோணி பாரத்தால் அசையாமல் நின்றது. இரண்டு பேர் இறங்கித் தள்ள வேண்டும். அவர் ஒரு பக்கம் இறங்கினார்.

"வாத்தியார், இறங்குங்க. இடுப்பளவுதான்!"

என் கையில் ஆண்டிறுதிப் பரீட்சை எழுதிய முப்பத்தெட்டுக் கொப்பிகள் இருந்தன. அவற்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். மறுபக்கம் தொபுக்கென்று ஒரு சத்தம். பிலோமினா ரீச்சர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தோளைக் கொடுத்துத் தள்ளினாள். என்னையும் சேர்த்துத்தான் தள்ளினாள். கரையில் ஏறிச் சீலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "முப்பத்தெட்டுக் கொப்பியும் நனையல்ல. மாஸ்டரும் நனையல்ல. நல்ல கெட்டித்தனம்."

அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் மெதடிஸ்தர். இரண்டு வீட்டிலும் இழுபட்டு, அடுத்த ஆவணியில் அவளையே கட்டினேன். நாற்பத்தாறு வருடமாக அந்தக் கொப்பிக் கதையை அவள் எல்லா விருந்திலும் சொல்கிறாள். அறுபது தடவை வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். ஆனால் சாமித்தம்பி அண்ணர் சொன்னதை நான் விடவில்லை. ஓடை விழுகிற இடத்தில் நிலைக்கும். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரேயொரு விதி அது. அதைத் தேற்றம் போல மனதில் எழுதி வைத்திருந்தேன்.

இங்கே மகள் கூப்பிட்டு வந்தோம். அவள் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறாள், காலையில் வேலைக்குப் போனால் மாலைதான் வருவாள். பிலோமினாவுக்கு இந்த நாடு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஏரியின் அக்கரையில் தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு சிறு மண்டபம் இருக்கிறது. புதன்கிழமைகளில் பெண்கள் அங்கே கூடிக் கம்பளி பின்னுவார்கள். இவள் பின்னப் போனாளா கதைக்கப் போனாளா என்பது எனக்குத் தெரியாது. நோர்வே மொழியில் நூறு சொல் கூடத் தெரியாமல் நான்கு மணித்தியாலம் கதைத்துவிட்டு வருவாள். ஆறு குளிர்காலங்கள் அவள் ஏரியைக் கடந்தாள். நான் யன்னலில் இருந்து எண்ணினேன்.

போன புரட்டாதியில் அவளுடைய வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை. நன்றாகத்தான் ஆறியது. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க வழுக்கும் இடத்தில் நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏரி உறைந்தது. புதன்கிழமை பதினொரு பெண்கள் போனார்கள். பிலோமினா எனக்குப் பக்கத்தில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். வீதியால் சுற்றிப் போக இருபத்திரண்டு கிலோமீற்றர். பஸ் வசதி அந்த நேரத்துக்கு இல்லை, மகளுக்குப் புதன்கிழமை வேலை. ஏரியால் போனால் ஆயிரத்து நானூறு மீற்றர்.

அவள் பேச்சுக் குறைந்தது. முதலில் நான் கவனிக்கவில்லை, கவனித்த பிறகு வழக்கப்படி எண்ணினேன். ஒரு திங்கட்கிழமை காலையிலிருந்து படுக்கும்வரை நாற்பத்தொரு வசனம் பேசினாள். அடுத்த திங்கள் பத்தொன்பது. அதற்கடுத்தது ஏழு, அதில் மூன்று தேநீரைப் பற்றியது. சோற்றில் உப்புக் கூடினால் ஊருக்கே கேட்க ஏசுகிறவள், இப்போது உப்பில்லாத கறியையும் பேசாமல் சாப்பிட்டாள். எனக்கு நித்திரை போய்விட்டது. மகளிடம் சொன்னேன். "அம்மாக்கு வயசு போகுது அப்பா" என்றாள். வயது போவது எனக்குத் தெரியும், அதையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். இது வேறு.

பக்கத்து வீட்டுக்காரர் ஒட்வார் எண்பது வயதைத் தாண்டியவர். ஒரு நாள் அவர் தன் கொட்டிலிலிருந்து ஒன்றை இழுத்துவந்து எங்கள் வாசலில் விட்டார். 'ஸ்பார்க்' என்றார். மரக் கதிரை ஒன்றை இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களின் மேல் பொருத்திய சறுக்கு வண்டி. ஒருவர் கதிரையில் இருப்பார். மற்றவர் பின்னால் ஒரு காலைச் சட்டத்தில் வைத்து, மறு காலால் நிலத்தை உதைத்து உதைத்துத் தள்ள வேண்டும். நான் அதைப் பார்த்தேன். முன்னால் இருக்கும் ஆள், பின்னால் நின்று ஊன்றித் தள்ளும் ஆள். சாமித்தம்பி அண்ணர் நினைவுக்கு வந்தார்.

பிலோமினா யன்னலில் நின்று ஸ்பார்க்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு வசனம் கூடப் பேசவில்லை. திட்டியிருந்தாலாவது தப்பித்திருப்பேன்.

அன்றைக்கு ஒட்வாரிடம் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வே மொழியில் கேட்டேன்: "ஏரி எவ்வளவு?"

"நாற்பது சென்ரிமீற்றர்" என்றார்.

முழங்காலுக்குக் கீழே! எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஆனால் நம்ப முடியவில்லை. "நடுவிலுமா? தண்ணீர் நாற்பது சென்ரிமீற்றரா?"

"தண்ணீரா? பனிக்கட்டிதான் நாற்பது. தண்ணீர் அறுபது மீற்றர் இருக்கும்." அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஆழம் உனக்கு எதற்கு? நீ மேலேதானே போகப் போகிறாய்?"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என் உயரம் ஒரு மீற்றர் அறுபத்தைந்து. என்னைப் போல் முப்பத்தாறு பேரை ஒருவர் தலையில் ஒருவராக நிறுத்தினாலும் முப்பத்தாறாவது ஆளின் மயிர் கூட வெளியே தெரியாது. எங்கள் சனம் தண்ணீரைக் கண்டால் கேட்கும் கேள்வி, எவ்வளவு ஆழம், எங்கே நிலைக்கும். இவர்கள் கேட்பது எவ்வளவு தடிப்பு. எழுபது வருடம் கேட்டுப் பழகிய கேள்வியை ஒரு பிற்பகலில் மாற்ற எனக்கு முடியவில்லை.

இரண்டு கிழமை வீட்டு முற்றத்துப் பனியில் பழகினேன். ஓர் உதைக்கு இரண்டு மீற்றர். நான்கு தடவை விழுந்தேன். ஐந்தாவது தடவை விழுந்தபோது யன்னல் திறந்தது. "மாஸ்டர், இடுப்ப முறிச்சிக்கொண்டு வந்தா ரெண்டு ஊன்றுகோலுக்கு நான் எங்க போறது?" அந்த வசனத்துக்காகவே இன்னும் நான்கு தடவை விழலாம் போலிருந்தது.

புதன்கிழமை அவளைக் கம்பளியால் சுற்றி ஸ்பார்க்கில் இருத்தினேன். ஒட்வார் என் கழுத்தில் ஒரு கயிற்றை மாட்டினார். அதன் இரு முனையிலும் ஆணி பதித்த மரக் கைபிடிகள். பனி உடைந்து விழுந்தால் இவற்றைக் குத்தி ஏற வேண்டும் என்று கையால் காட்டினார். பிறகு ஏரியைக் காட்டினார். பாதுகாப்பான பாதையின் இரு பக்கமும் ஊசியிலை மரக் கிளைகளைப் பனியில் நட்டிருந்தார்கள், இருபது மீற்றருக்கு ஒன்றாக. ஒரு பக்கத்தில் எழுபது கிளை. யன்னலில் இருந்து முன்பே எண்ணி வைத்திருந்தேன். அந்தக் கிளைகள் நேரே நடுவைப் பிளந்துகொண்டு போயின. அறுபது மீற்றருக்கு மேலாக.

நான் தலையாட்டினேன். ஆனால் மனதில் வேறொரு பாதை போட்டு வைத்திருந்தேன். வலது பக்கமாகக் கரையோரம் வளைந்து போனால் ஓர் ஓடை ஏரியில் விழுகிறது. அங்கே மணல் கட்டியிருக்கும், நிலைக்கும். தூரம் கூடத்தான், ஆனால் வழியெல்லாம் ஆழம் குறைவு. அதை யாரிடமும் சொல்லவில்லை. மற்றப் பெண்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் பன்னிரண்டு கிளைகள் வரை பாதையில் போய், பிறகு வலப்பக்கம் திருப்பினேன்.

"எங்க கிறுகிறீங்க?" என்றாள் பிலோமினா. திரும்புவதைக் கிறுகுவது என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம்.

"இது நல்ல வழி. நான் பார்த்து வச்சிரிக்கன்."

"ஆறு வருசம் நடந்த எனக்குத் தெரியாத வழி, யன்னலுக்குள்ள இருந்த உங்களுக்குத் தெரியுமோ?"

இருநூற்றுப் பதினேழாவது உதையில் என் கால் நிலத்தில் படவில்லை. பனி கண்ணாடிக் கோப்பை உடைவது போல உடைந்தது. நான் உள்ளே போனேன். குளிர் என்று அதைச் சொல்ல முடியாது, இடுப்பை இரண்டு கையால் பிடித்து நெரித்தது போல. மூச்சு நின்றது. பிறகு, இரண்டு காலும் மணலில் நின்றன. இடுப்பளவு. சாமித்தம்பி அண்ணர் சொன்னது இங்கேயும் சரியாகவே இருந்தது. ஓடிவரும் தண்ணீர் சரியாக உறையாது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படவுமில்லை.

ஸ்பார்க்கின் நீண்ட சட்டங்கள் இன்னும் பனியின் மேல்தான் இருந்தன. ஆனால் அவளுக்குக் கீழே பனி முனகிக்கொண்டிருந்தது. அவளால் எழும்பி நடக்க முடியாது. முன்னால் ஓடை வாய், அங்கே இன்னும் மெல்லிசு. எனக்குத் தெரிந்த விதியெல்லாம் முடிந்துவிட்டது. அப்போது அவள் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

"நடுவுக்குத் தள்ளுங்க! மாஸ்டர், நடுவுக்கு! அங்கதான் பனி தடிப்பு!"

நடுவுக்கு. அறுபது மீற்றருக்கு. என் மனைவியை என் கையால். எத்தனை விநாடி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் எண்ணாத விநாடிகள் அவை. பிறகு மணலில் காலை ஊன்றி, ஸ்பார்க்கை இடப்புறம் திருப்பி, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அது நீரைத் தெறிக்கவிட்டு வழுக்கிப் போய், பத்து மீற்றருக்கு அப்பால், கறுத்துத் தடித்த பனியின் மேல் நின்றது. பனி முனகவில்லை.

பிறகு கழுத்திலிருந்த ஆணிகளைக் குத்தி, நெஞ்சால் ஊர்ந்து ஏறினேன். ஏழு குத்து. அவளுக்குப் பக்கத்தில் வந்து படுத்தபோது அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"நனைஞ்சிற்றீங்க" என்றாள்.

"ஓம்."

"கொப்பி ஒண்டும் கொண்டு வரல்லியே?"

ஒட்வார் கையில் நீண்ட கம்புடன் ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடியதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் கம்பால் பனியைக் குத்திப் பார்த்து வந்தார். எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, எனக்கு உலர்ந்த உடுப்புப் போட்டு, சூடான எதையோ குடிக்க வைத்த பிறகுதான் கேட்டார்: "ஏன் அங்கே போனாய்? பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும், ஓடை வாயில் பனி மெல்லிசு."

"ஆழம் குறைவு" என்றேன்.

அவர் என் கோப்பையை மீண்டும் நிரப்பினார். "அது உண்மைதான்" என்றார். "இந்த ஏரியில் எங்கே விழுவது என்று முன்பே தெரிவு செய்துகொண்டு போன முதல் ஆள் நீதான்."

மகள் வந்து அழுதாள், ஏசினாள், ஸ்பார்க்கைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். பிலோமினாதான் பேசினாள். இருபது வசனத்துக்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. திரும்ப எண்ண நான் முயலவில்லை.

அடுத்த புதன்கிழமை கிளைகளின் நடுவால் போனேன். முப்பத்தைந்தாவது கிளையில் ஸ்பார்க்கை நிறுத்தினேன். கரையிலிருந்து எழுநூறு மீற்றர், அக்கரைக்கும் எழுநூறு மீற்றர். கீழே முப்பத்தாறு கணித ஆசிரியர்களை விழுங்கும் தண்ணீர், மேலே ஒரு கதிரையில் என் மனைவி. "என்ன, பயமா?" என்றாள். "ஓம்" என்றேன். "சரி, மறுகா தள்ளுங்க." மறுகா என்றால் எங்கள் பேச்சில் பிறகு; சற்றுப் பொறுத்துத் தள்ளினேன். அக்கரையில் மண்டபத்துப் பெண்கள் எழும்பிக் கைதட்டினார்கள். பிலோமினா அவர்களுக்கு ஏதோ நீளமாகச் சொன்னாள், கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொப்பிக் கதைதான். ஆனால் இந்தத் தடவை கதை தோணியோடு முடியவில்லை. அவள் தோளைச் சாய்த்துத் தள்ளிக் காட்டி, பிறகு என்னைச் சுட்டினாள். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பங்குனிக் கடைசியில் பாதையை மூடும்வரை ஒன்பது புதன்கிழமைகள். போக ஒன்பது, வர ஒன்பது, மொத்தம் பதினெட்டுத் தடவை. என் முப்பத்தொரு வருடச் சேவையில் கிடைத்த எந்தச் சான்றிதழையும் விட அந்தப் பதினெட்டை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

இந்த ஆடியில் ஊருக்குப் போனோம். பிலோமினா இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள். செட்டிபாளையத்தில் அவளுடைய தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது, படுவான்கரையில் நாங்கள் படிப்பித்த பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் புறப்பட்டோம். சாமித்தம்பி அண்ணர் இல்லை. தோணியும் இல்லை. இப்போது இயந்திரம் பூட்டிய பெரிய மிதவையில் மோட்டார் சைக்கிள்களும் ஆட்களும் ஒன்றாகப் போகிறார்கள். அதைப் 'பாதை' என்கிறார்கள்.

"ஐயா, ஓரத்துக் கம்பியப் புடிச்சிக்கொண்டு நில்லுங்க" என்றார் ஓட்டுபவர்.

"அவரு புடிக்க மாட்டாரு தம்பி" என்றாள் பிலோமினா. "அவரு அறுபது மீற்றர் ஆழம் கடந்த ஆள்."

"இஞ்ச அவ்வளவு ஆழம் இல்லையே அம்மா" என்று அவர் குழம்பினார்.

நான் நடுவில், எதையும் பிடிக்காமல் நின்றேன். உச்சி வெயில் தலையில் இறங்கியது. கால் தானாகவே உதைக்கத் தேடியது. தண்ணீரில் மீன்பிடிக் கட்டைகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நீர்க்காகம். என்னை அறியாமலே எண்ணத் தொடங்கியிருந்தேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு. கண்கள் அந்தக் கட்டைகளில் ஊசியிலைக் கிளைகளைத் தேடின. முப்பத்தைந்து வந்ததும், ஏரியில் போலவே நினைத்து, பிலோமினாவின் தோளைத் தொட்டுச் சொன்னேன்: "நடு வந்திற்று."

அவள் என்னைப் பார்த்தாள். பாதை அதற்குள் படுவான்கரையைத் தட்டியிருந்தது. சனமெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது.